ஒளி அணையும் வேகத்தில் சூட்டை அளக்கும் பெயிண்ட்

விமான எஞ்சினின் டர்பைன் தகடு ஒன்று உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அதன் மேல் பாயும் வாயுவின் சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தகடு செய்யப்பட்ட நிக்கல் கலப்புலோகமோ 1300 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். தகடு உருகாமல் நிற்பதற்குக் காரணம், அதற்குள் குடைந்த நுண்வழிகளில் ஓடும் காற்றும், மேலே பூசிய அரை மில்லிமீட்டர்கூட வராத பீங்கான் படலமும்தான். இந்த இரண்டும் எந்த இடத்தில் எவ்வளவு காப்பாற்றுகின்றன என்று தெரியாமல் எஞ்சினை வடிவமைக்க முடியாது. கணக்கைவிடச் சில பத்து டிகிரி கூடினாலே தகட்டின் ஆயுள் பாதியாகச் சுருங்கிவிடும். சரி, நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலும் பொருளில் வெப்பமானியை எங்கே வைப்பது?

சூட்டை மின்குறியாக மாற்றும் தெர்மோகப்பிள் கம்பியை ஒட்டலாம். ஆனால் அது ஒரு புள்ளியின் சூட்டை மட்டும்தான் சொல்லும். கம்பிக்காகத் தகட்டில் பள்ளம் வெட்ட வேண்டும். சுழலும் பாகத்திலிருந்து மின்குறியை வெளியே கொண்டுவரத் தனி ஏற்பாடு வேண்டும். அகச்சிவப்பு கேமராவை வைக்கலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பரப்பு எவ்வளவு கதிர் வீசும் தன்மை கொண்டது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பளபளப்பான உலோகம் குறைவாகக் கதிர்வீசும், கரி படிந்தால் கூடுதலாக வீசும், பக்கத்தில் எரியும் சுடரின் கதிரையும் பிரதிபலிக்கும். கேமராவுக்கு வந்து சேர்வது தகட்டின் கதிரா, சுடரின் கதிரா என்று பிரிப்பது பெரும்பாடு.

மூன்றாவது வழி, வெப்பநிலையைச் சொல்லும் பொருளையே பெயிண்டாகப் பூசிவிடுவது. இந்தப் பெயிண்டைப் பகலில் பார்த்தால் வெறும் வெள்ளைப் பொடி பூசியது போலத்தான் இருக்கும். சூடேறினால் நீலம் பச்சையாவது, பச்சை சிவப்பாவது போன்ற வித்தையெல்லாம் இதில் கிடையாது. புற ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் அது தன் சொந்த நிறத்தில் ஒளிரும்; ஒளியை நிறுத்தியதும் அந்த ஒளிர்வு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணையும். எவ்வளவு வேகமாக அணைகிறது என்பதில்தான் வெப்பநிலை இருக்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வந்து சேரும்.

ஏன் அருமண் தனிமங்கள்?

ஒளிரும் பொருள்கள் ஏராளம். துணிக்கு வெண்மை கூட்ட சோப்புத்தூளில் சேர்க்கும் சாயம்கூடப் புற ஊதாவில் ஒளிரும். இருந்தும் வெப்பநிலைப் பெயிண்ட் என்றால் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம், டெர்பியம், எர்பியம் என்று அருமண் தனிமங்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. லாந்தனைடுகள் 15, அவற்றோடு ஸ்காண்டியம், இட்ரியம் சேர்த்து மொத்தம் 17 தனிமங்களுக்கு இந்தப் பெயர். பெயர்தான் அருமண், இவற்றில் பல தங்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாகப் புவியோட்டில் கிடக்கின்றன. ஒன்றை ஒன்றிலிருந்து பிரிப்பதுதான் கடினம்.

இவற்றின் சிறப்பு எலக்ட்ரான் அமைப்பில் இருக்கிறது. சாதாரணத் தனிமங்களில் ஒளியை விழுங்குவதும் உமிழ்வதும் பெரும்பாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் வேலை. அவை பக்கத்து அணுக்களோடு நேரடியாக உரசுகின்றன. சுற்றுப்புறம் மாறினால் நிறமும் மாறும். லாந்தனைடு அயனிகளிலோ ஒளிர்வுக்குப் பொறுப்பான 4எஃப் எலக்ட்ரான்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே 5எஸ், 5பி கூடுகள் நிரம்பி மறைப்பாக நிற்கின்றன. அயனி எந்தப் படிகத்தில் உட்கார்ந்திருந்தாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானுக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். அதனால் யூரோப்பியத்தை இட்ரியம் ஆக்சைடில் வைத்தாலும், சிர்கோனியா என்ற பீங்கானில் வைத்தாலும், பிளாஸ்டிக்கில் கரைத்தாலும் அது 610 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பில்தான் ஒளிரும். அந்த ஒளியும் அகலமான பட்டையாக இல்லாமல் ஊசி போன்ற மெல்லிய வரிகளாக வரும். அளப்பவருக்கு இது பெரிய வசதி. அந்த வரியை மட்டும் விடும் வடிகட்டியைக் கேமராவின் முன் மாட்டிவிட்டால் மற்ற வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

இதே யூரோப்பியத்தை ஐரோப்பியர்கள் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். யூரோ நோட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால் சில இடங்கள் சிவப்பாக மின்னும். அந்த ஒளியின் வரிகளை அலசிய நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக வேதியியலர்கள் அது யூரோப்பியம் என்று 2002இல் எழுதினார்கள். எந்த நாட்டுக் கள்ளநோட்டுக்காரருக்கும் அது உதவியதாகத் தெரியவில்லை.

அருமண் அயனியைத் தனியாகப் பூச முடியாது. அதற்கு ஒரு வீடு வேண்டும். இட்ரியம் ஆக்சைடு படிகத்தில் நூற்றுக்குச் சில இட்ரியம் அயனிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யூரோப்பியத்தை உட்கார வைப்பது ஒரு வழக்கமான செய்முறை. இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம், கிட்டத்தட்ட ஒரே பருமன். படிகம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். இட்ரியத்தில் 4எஃப் எலக்ட்ரான் இல்லாததால் அது தானாக ஒளிர்ந்து குழப்பாது. யூரோப்பியத்தை அளவுக்கு மேல் சேர்த்தால் பக்கத்துப் பக்கத்து அயனிகள் ஆற்றலைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றி, கடைசியில் ஏதாவதொரு படிகக் குறையில் கொட்டிவிடும். ஆகவே கூட்டினால் வெளிச்சம் கூடும் என்ற கணக்கு ஓர் எல்லை வரைதான் செல்லும்.

சூடு ஏறினால் என்ன நடக்கிறது?

படம் முடிந்த சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேற முன்வாசல் ஒன்று. பக்கவாட்டில் ஆளுயர மதில் ஒன்று. உள்ளே இருப்பவர்கள் புற ஊதாவை விழுங்கி ஆற்றலேறிய அயனிகள். முன்வாசல் வழியாகப் போகிற ஒவ்வொருவரும் ஓர் ஒளித்துகள். மதிலேறிக் குதிப்பவர் வெளிச்சம் தருவதில்லை. தன் ஆற்றலைப் படிகத்தின் அதிர்வாக, அதாவது வெப்பமாகக் கொட்டிவிட்டுப் போகிறார். குளிர்ச்சியான நிலையில் மதிலேறும் தெம்பு யாருக்கும் இல்லை. எல்லோரும் முன்வாசலில்தான் வருகிறார்கள். வெப்பநிலை ஏற ஏற மதில் தாண்டுகிறவர்கள் பெருகுகிறார்கள். இதனால் இரண்டு மாற்றங்கள் தெரியும். முன்வாசலில் எண்ணிக்கை குறைகிறது, பெயிண்ட் மங்குகிறது. கொட்டகையும் சீக்கிரம் காலியாகிறது, ஒளிர்வு விரைவாக அணைகிறது.

மதிலின் உயரம் பொருளுக்குப் பொருள் மாறும். இட்ரியம் ஆக்சைடில் இருக்கும் யூரோப்பியத்துக்கு அது மிக உயரம். அறை வெப்பநிலையில் அதன் ஒளிர்வு அணைய ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். 500 டிகிரி வரை இதில் பெரிய மாற்றம் இல்லை. அதற்கு மேல் போனதும் சரசரவென்று இறங்கி, 1000 டிகிரியை ஒட்டி மைக்ரோ விநாடிகளுக்கு வந்துவிடும். அதே யூரோப்பியத்தை ஆக்சிஜனோடு கந்தகமும் சேர்ந்த ஆக்சிசல்பைடு படிகத்தில் வைத்தால் மதில் தாழ்ந்துவிடும். ஓரிரு நூறு டிகிரியிலேயே அணையத் தொடங்கும். லாந்தனம் ஆக்சிசல்பைடில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே யூரோப்பியம் பச்சையிலும் சிவப்பிலும் வரிகளைத் தரும். உயர்ந்த மட்டங்களிலிருந்து கிளம்பும் பச்சை வரிகள் முதலில் அணையும், சிவப்பு வரி கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

இங்கேயே ஒரு முக்கியமான விஷயம் புரிந்துவிடும். எல்லா வெப்பநிலைக்கும் ஏற்ற ஒரே பெயிண்ட் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சாளரம் உண்டு. அதற்குக் கீழே அது எதையும் சொல்லாது. அதற்கு மேலே சொல்ல வெளிச்சமே மிச்சமிருக்காது. விளம்பரத்தில் "மைனஸ் 200 முதல் 1700 வரை" என்று எழுதியிருந்தால், அது பல பொருள்களின் சாளரங்களை அடுத்தடுத்து ஒட்டிய நீளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தை அளப்பதா, நேரத்தை அளப்பதா?

எளிய வழி, பெயிண்ட் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று படம் எடுப்பது. ஆனால் பிரகாசம் பலவற்றைப் பொறுத்தது. பெயிண்ட் ஓரிடத்தில் தடிமனாக இருக்கலாம். விளக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். மாதிரி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கலாம். இதைச் சமாளிக்க, சோதனைக்கு முன் எல்லா இடமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, சோதனையின்போது எடுத்த படத்தை அதனால் புள்ளிக்குப் புள்ளி வகுப்பார்கள். மாதிரியின் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்களில் இன்றும் இதுதான் அன்றாட முறை.

இதைவிட நம்பகமானது நேரத்தை அளப்பது. நானோ விநாடிகளே நீடிக்கும் ஒரு லேசர் துடிப்பைப் பாய்ச்சுகிறார்கள். 355 அல்லது 266 நானோமீட்டர் வழக்கம். பிறகு ஒளிர்வு தன் தொடக்க அளவில் 37 விழுக்காட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறார்கள். இதற்குத்தான் ஒளிர்வு ஆயுள் என்று பெயர். பெயிண்ட் தடிமனா மெல்லியதா, லேசர் பலமா பலவீனமா, கண்ணாடியில் கரி படிந்திருக்கிறதா என்பதெல்லாம் தொடக்க அளவை மாற்றலாம், இறங்கும் வேகத்தை மாற்றாது. எனக்கு இந்த முறையில் பிடித்ததே இந்தப் பிடிவாதம்தான். பாதி உரிந்துபோன பூச்சும் உண்மையைச் சொல்லும்.

சுழலும் பொருளில் மட்டும் இதற்கு ஒரு வில்லங்கம். தகட்டின் நுனி விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு மில்லி விநாடி ஒளிர்வு முடிவதற்குள் அது 40 சென்டிமீட்டர் தாண்டிப் போயிருக்கும். கருவியின் பார்வையிலேயே இருக்காது. ஆயுள் ஒரு மைக்ரோ விநாடி என்றால் நகர்வு 0.4 மில்லிமீட்டர்தான். ஆகவே சுழலும் பாகங்களுக்கு, அளக்க வேண்டிய வெப்பநிலையில் சீக்கிரம் அணையும் பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு முறை, இரண்டு வரிகளின் விகிதத்தை எடுப்பது. சில அயனிகளில் இரண்டு ஆற்றல் மட்டங்கள் அருகருகே இருக்கும். கீழ்மட்டத்தில் இருப்பவற்றில் ஒரு பகுதியைச் சூடு மேல்மட்டத்துக்குத் தள்ளும். எவ்வளவு பகுதி என்பதைப் போல்ட்ஸ்மன் விதி சொல்லிவிடும். எர்பியத்தின் 525, 545 நானோமீட்டர் பச்சை வரிகள் இதற்குப் பெயர்போனவை. இட்டெர்பியத்தைத் துணைக்குச் சேர்த்தால் 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை விழுங்கிப் பச்சையாக உமிழும். குறைந்த ஆற்றல் கொண்ட இரண்டு துகள்களைச் சேர்த்து அதிக ஆற்றல் கொண்ட ஒன்றைத் தரும் இந்தப் பண்பு உயிரியல் ஆய்வுகளில் உதவுகிறது. அகச்சிவப்பு திசுக்களுக்குள் கூடுதல் ஆழம் போகுமே.

விகித முறையின் நுட்பத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். எர்பியத்தின் இரண்டு மட்டங்களுக்கு இடைவெளி சுமார் 0.093 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில், அதாவது 300 கெல்வினில், வெப்ப ஆற்றல் சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 3.6. அதை 300ஆல் வகுத்தால் 0.012. ஒரு டிகிரிக்கு விகிதம் 1.2 விழுக்காடு மாறும் என்று பொருள். விகிதத்தை ஒரு விழுக்காடு துல்லியத்தில் அளந்தால் வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் குறைவான பிழையில் கிடைக்கும்.

இதே கணக்கை 1500 கெல்வினில், டிஸ்ப்ரோசியத்துக்குப் போடுங்கள். இடைவெளி சுமார் 0.124 எலக்ட்ரான் வோல்ட். வெப்ப ஆற்றலும் 0.129 ஆகிவிட்டது. வகுத்தால் ஒன்றுக்கும் குறைவு. அதை 1500ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 0.064 விழுக்காடுதான். அதே ஒரு விழுக்காடு அளவைப் பிழை இப்போது 16 டிகிரி பிழையாகிறது. சூடு ஏற ஏற விகித முறை மழுங்கும் என்பது இயற்பியலிலேயே எழுதியிருக்கிறது. விலையுயர்ந்த கேமரா வாங்கி அதை மாற்ற முடியாது. அணைவு நேரமோ அதன் சாளரத்துக்குள் ஒரு டிகிரிக்கே கணிசமாக மாறும். உயர் வெப்பத்தில் பலர் நேர முறைக்குப் போவதற்கு இது ஒரு காரணம்.

குளிர்ந்த பெயிண்ட், கொதிக்கும் பெயிண்ட்

நடைமுறையில் இந்தப் பெயிண்டுகள் இரண்டு குலமாகப் பிரிகின்றன.

முதல் குலம் பிளாஸ்டிக் அடிப்படையிலானது. யூரோப்பியத்தைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகளைக் கட்டி, அந்தச் சேர்மத்தை அக்ரிலிக் போன்ற பாலிமரில் கரைத்து, ஸ்ப்ரே கன்னால் அடிக்கிறார்கள். கரிம மூலக்கூறு எதற்கு? 4எஃப் எலக்ட்ரான்கள் மறைப்புக்குள் இருப்பதால் நேரடியாக ஒளியை விழுங்குவதில் மகா சோம்பேறிகள். சுற்றியிருக்கும் மூலக்கூறு ஆண்டெனா போலப் புற ஊதாவைப் பிடித்து உள்ளே கைமாற்றுகிறது. இதில் பெயர்பெற்றது யூரோப்பியம் தீனாயில் டிரைஃப்ளூரோ அசிட்டோனேட். சுமார் மைனஸ் 20 முதல் 80 டிகிரி வரை வேலை செய்யும். நல்ல சாளரத்தில் ஒரு டிகிரிக்கு 3 விழுக்காட்டுக்கு மேலும் பிரகாசம் மாறும். குறை என்னவென்றால், புற ஊதாவில் அதிக நேரம் வைத்தால் சேர்மமே சிதைந்து மங்கிவிடும். அதைச் சூடு என்று தவறாகப் படித்துவிடக் கூடாது.

இந்தக் குலத்தின் களம் காற்றுச் சுரங்கம். விமான இறக்கையின் மேல் காற்று முன்விளிம்பில் சீராகப் படிந்து ஓடி, ஓரிடத்தில் கொந்தளிப்பாக மாறும். அந்த இடம் எவ்வளவு பின்னால் தள்ளிப்போகிறதோ அவ்வளவு உராய்வு குறைவு, எரிபொருள் மிச்சம். கொந்தளிப்பு ஓட்டம் பரப்போடு வெப்பத்தை வேகமாகப் பரிமாறும். காற்றின் வெப்பநிலையைச் சட்டென்று ஒரு சில டிகிரி மாற்றினால் கொந்தளிப்புப் பகுதி உடனே அதைப் பின்தொடரும், சீரான பகுதி தயங்கும். பெயிண்டில் அந்த எல்லை கோடு போட்டது போலத் தெரியும். ஒரு தூசி முன்விளிம்பில் ஒட்டியிருந்தால் அதன் பின்னால் ஆப்பு வடிவில் கொந்தளிப்பு விரிவதைக்கூடப் பார்க்கலாம். இதனால்தான் பெயிண்டை அடித்த பிறகு மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். சொரசொரப்பான பெயிண்ட், தான் அளக்க வந்ததைத் தானே உண்டாக்கிவிடும்.

இதன் உடன்பிறப்பு அழுத்தப் பெயிண்ட். காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒளிர்வை அணைப்பதை வைத்து அழுத்தத்தை அளக்கும் அதில் பிளாட்டினம் போர்ஃபைரின்களும் ருத்தீனியம் சேர்மங்களும் வருகின்றன. அதுவும் சூட்டுக்கு அசைந்துகொடுக்கும் என்பதால், திருத்தம் செய்ய வெப்பநிலைப் பெயிண்டும் கூடவே தேவைப்படும்.

இன்னும் சூடான சோதனைகளுக்கு, ஒலியைவிட 6 மடங்கு, 10 மடங்கு வேகச் சுரங்கங்களுக்கு, நாசாவின் லாங்லி ஆய்வு மையம் பீங்கான் மாதிரிகளின் மேல் இரண்டு ஒளிர்பொருள்களின் கலவையைப் பூசும் முறையை வளர்த்தது. சிவப்புக்கு யூரோப்பியம் கலந்த லாந்தனம் ஆக்சிசல்பைடு, பச்சைக்குத் துத்தநாக காட்மியம் சல்பைடு. இரண்டு நிறங்களின் விகிதம்தான் வெப்பநிலை. 2003இல் கொலம்பியா விண்ணோடம் சிதைந்த பிறகு, சேதமடைந்த இறக்கையின் மேல் சூடு எப்படிப் பரவியிருக்கும் என்று புரிந்துகொள்ள லாங்லியின் இந்த முறையும் பயன்பட்டது.

இரண்டாம் குலம் பீங்கான். டர்பைன் தகட்டில் பிளாஸ்டிக் நொடியில் ஆவியாகிவிடும் என்பதால், ஒளிர்பொருள் பொடியைச் சிலிகேட் அல்லது பாஸ்பேட் பிசினில் குழைத்துப் பூசுகிறார்கள். இங்கே எதிரி வேறு. 1000 டிகிரியில் எந்தப் பொருளும் செந்தணலாகத் தானே ஒளிரும். அந்த ஒளியில் சிவப்பும் அகச்சிவப்பும்தான் அதிகம். யூரோப்பியத்தின் 611 நானோமீட்டர் சிவப்பு அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகும். தணலில் நீலம் மிகக் குறைவு. எனவே நீலத்தில் வரி தரும் டிஸ்ப்ரோசியத்துக்கு இங்கே மவுசு. இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகத்தில் டிஸ்ப்ரோசியம் 455 நானோமீட்டரை ஒட்டி ஒரு வரியும், 480ஐத் தாண்டிச் சில வரிகளும் தரும். 1500 டிகிரிக்கு மேலும் அதை வைத்து அளந்திருக்கிறார்கள். தூலியமும் நீலத்தில் வரி தருவதால் ஆய்வுகளில் வந்துபோகும்.

பூச்சு எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் உலோகமும் பீங்கானும் வேறுவேறு அளவில் விரிவடைவதால் சில சுற்றுகளில் உரிந்து விழும். இதற்கு வந்த தீர்வுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. தகட்டின் மேல் ஏற்கனவே ஒரு பீங்கான் படலம் இருக்கிறதே. இட்ரியம் சேர்த்த சிர்கோனியா. அதில் இட்ரியம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் யூரோப்பியத்தையோ டிஸ்ப்ரோசியத்தையோ எர்பியத்தையோ வைத்துவிட்டால், காப்புப் படலமே வெப்பமானியாகிவிடும். தனிப் பெயிண்டே வேண்டாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஃபைஸ்ட், ஹேய்ஸ் ஆகியோர் இதை 2000ஆம் ஆண்டை ஒட்டி எழுதத் தொடங்கினார்கள். நாசாவின் கிளென் மையத்திலும் இந்தத் திசையில் நிறைய வேலை நடந்தது. அருமண்ணைப் படலத்தின் அடியடுக்கில் மட்டும் வைத்தால், மேற்பரப்பைவிடக் கவலைக்குரிய இடமான உலோகமும் பீங்கானும் சந்திக்கும் எல்லையின் சூடு தெரியும். மேலடுக்குப் பீங்கான் ஒளியைச் சிதறடித்தாலும் ஓரளவு ஊடுருவ விடும்.

எஞ்சின் ஓடும்போது உள்ளே எட்டிப் பார்க்கச் சாளரமே இல்லையென்றால்? அதற்கும் ஒரு வகை உண்டு. ஒளிர்பொருளைப் படிகமாகாத நிலையில் பூசிவிடுகிறார்கள். சூடேறும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகப் படிகமாகிறது. குளிர்ந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எஞ்சினை நிறுத்தி, பிரித்து, தகட்டை மேசையில் வைத்து அறை வெப்பநிலையில் ஒளிர்வு ஆயுளை அளந்தால், அந்த இடம் அதிகபட்சம் எவ்வளவு சூடானது என்று தெரியும். முன்பு இந்த வேலைக்கு நிரந்தரமாக நிறம் மாறும் பெயிண்டுகள் இருந்தன. படி படியாகத்தான் நிறம் மாறும், கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டும், ஈயம் போன்ற நச்சுப் பொருள்களும் சிலவற்றில் இருந்தன. புதிய வகையிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதும் படிகமாவதைப் பாதிக்கும். நேரத்தைக் குறித்து வைக்காத சோதனையில் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

கொஞ்சம் பழங்கதை

ஒளிர்பொருளை வைத்துச் சூட்டுப் பரவலைப் பார்க்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1937இல் பால் நியூபெர்ட் பெயரில் ஒரு காப்புரிமை வந்தது. 1953இல் பிராட்லி காற்றோட்டச் சோதனையில் பயன்படுத்தினார். அப்போதெல்லாம் துத்தநாக சல்பைடு வகைகள்தான். அருமண் பொடிகளைக் கொண்டுவந்தது வண்ணத் தொலைக்காட்சி. 1960களின் நடுவில் யூரோப்பியம் கலந்த இட்ரியம் வனடேட், பிறகு ஆக்சிசல்பைடு, திரையின் சிவப்பைப் பிடித்தன. யூரோப்பியத்துக்காகவே கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் சுறுசுறுப்பானது. தூய்மையான அருமண் ஒளிர்பொருள் கிலோ கணக்கில் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான், சூட்டை அளப்பவர்கள் அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார்கள். டிவிக்காரர்களுக்கு வெப்பத்தில் மங்குவது குறை. இவர்களுக்கு அதுதான் சரக்கு.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் என்ற அருமண் கனிமம் இருக்கிறதே, அதிலிருந்து இவை கிடைக்காதா என்று கேட்கலாம். அந்த மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான் பெரும்பங்கு. யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சொற்பம். ஆனால் பெயிண்டுக்கு வேண்டியதும் சொற்பமே. ஒரு டர்பைன் தகட்டுக்குக் கிராமில் ஒரு துளி. அளவைவிடத் தூய்மைதான் இங்கே பிரச்சினை. இரும்பு போன்ற மாசு மிகச் சிறிதளவு கலந்தாலும் ஒளிர்வு கெட்டுவிடும்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க

இதைச் செய்து பார்க்க ஜெட் எஞ்சின் தேவையில்லை. யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆக்சிசல்பைடு பொடி, 365 நானோமீட்டர் எல்.இ.டி., ஒரு போட்டோடயோடு, 600 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் சிவப்பு வடிகட்டி, ஹாட்பிளேட், ஆஸிலோஸ்கோப் இருந்தால் போதும். ஆக்சைடு பொடியைவிட ஆக்சிசல்பைடு ஏன் என்றால், 365 நானோமீட்டரை அது நன்றாக விழுங்கும், ஹாட்பிளேட் எட்டும் சூட்டிலேயே அணையவும் தொடங்கும். பழைய சி.எஃப்.எல். பல்பை உடைத்துப் பொடி எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது.

பொடியைச் சோடியம் சிலிகேட் கரைசலில் குழைத்து அலுமினியத் தகட்டில் மெல்லிதாகப் பூசிக் காய வையுங்கள். தடித்துப் பூசினால் மேல்பக்கத்தின் சூடு வேறு, உலோகத்தின் சூடு வேறு என்றாகிவிடும்; 50 மைக்ரான் பிளாஸ்டிக் படலத்தைச் சூடு கடக்கவே நூற்றில் சில பங்கு விநாடி பிடிக்கும். பீங்கான் பொடி அதைவிட வேகம், ஆனாலும் மெல்லியதே நல்லது. தகட்டில் ஒரு தெர்மோகப்பிளையும் பொருத்துங்கள். பெயிண்டை எதனோடாவது ஒப்பிட்டால்தான் அளவுகோல் கிடைக்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எல்.இ.டி.யைச் சில மில்லி விநாடி எரியவிட்டு அணைத்து, அணைந்த பிறகு வரும் வளைவை ஆஸிலோஸ்கோப்பில் சேமியுங்கள். அறை வெப்பநிலையில் அது அரை மில்லி விநாடியை ஒட்டி இருக்கும் என்பதால் சாதாரணக் கருவியே போதும். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் வழக்கமான வேகத்தில் எடுத்தால் கையில் நாலைந்து புள்ளிதான் மிஞ்சும்.

20 டிகிரிக்கு ஒரு முறை என்று அளந்துகொண்டு போங்கள். வெளிச்சத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு வர வேண்டும். அதன் சரிவிலிருந்து ஆயுள் கிடைக்கும். கோடு வளைந்து வந்தால் பதற வேண்டாம். பொடியில் எல்லா யூரோப்பியமும் ஒரே மாதிரியான இடத்தில் உட்காரவில்லை, அல்லது அறை விளக்கின் வெளிச்சம் அடியில் கலந்திருக்கிறது. முதலில் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் வளைந்தால், எல்லா வெப்பநிலைக்கும் ஒரே நேர இடைவெளியை, உதாரணமாக 100 முதல் 500 மைக்ரோ விநாடி வரை, வைத்துக்கொண்டு சரிவை எடுங்கள். அளவுகோல் வரையும்போது எந்த இடைவெளியை எடுத்தீர்களோ அதையேதான் பிறகு தெரியாத வெப்பநிலையை அளக்கும்போதும் எடுக்க வேண்டும்.